வீதியோடு பிணைந்த வண்டி

புகையிரதம் தனக்கென ஒரு பாதையைக் கேட்கிறது. பஸ் விரும்பிய வீதியில் திரும்பிக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, வீதி மட்டத்தில் பதித்த தண்டவாளத்தில் ஏனைய வாகனங்களோடு இடத்தைப் பகிர்ந்து ஓடும் டிராம் வண்டியோ, ஒருமுறை தெரிவுசெய்த வீதியைவிட்டு விலக இயலாதது. இந்த விலக இயலாமையே அதன் பலமும் பலவீனமும் ஆயிற்று என்பதைக் கொழும்பின் வரலாறு காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்நகரில் தோன்றிய மின்சார டிராம், கோட்டைப் பகுதியைக் கிராண்ட்பாஸோடும், மருதானை வழியாகப் பொரளையோடும் இணைத்தது. கூரைமேல் நின்ற கம்பம் மேலே கட்டிய கம்பியைத் தொட்டு மின்சாரத்தைப் பெற, அது மோட்டாரைச் சுழற்றியபின் சக்கரங்கள் வழியே தண்டவாளத்தில் இறங்கி மின்நிலையத்துக்குத் திரும்பியது. ஆகவே தண்டவாளம் வண்டிக்குப் பாதையாகவும் மின்சாரத்துக்கு மீள்வழியாகவும் அமைந்தது. 1895இல் தொடங்கிய சென்னை டிராம், முதலில் நிலத்தடிக் குழாயில் மின்சாரத்தைக் கொண்டுசென்று, மழைநீர் புகுந்து கெடுத்ததனால் மேற்கம்பிக்கு மாறியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மாற்றுவழி அற்ற வண்டியை நம்பி நகரம் நடந்தமையால், அதை ஓட்டியவர்களுக்கு அவர்களது கூலிக்கு மிஞ்சிய வலிமை கிடைத்தது. 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு கம்பனியின் சம்பளத் தகராறு நகரத்தின் நெருக்கடியாக வளர்ந்து, மருதானைப் பொலிஸ் நிலையத்தின்மீதான தாக்குதலிலும் துப்பாக்கிச் சூட்டிலும் போய் முடிந்தது. 1944இல் டிராம் சேவை மாநகர சபையின் கைக்கு வந்தது.

எனினும் வாகனங்கள் பெருகிய வீதியில், ஒதுங்க முடியாத வண்டி இடையூறாகத் தோன்றலாயிற்று. 1953இல், மேற்கம்பி மின்சாரத்தில் ஓடும் பஸ்ஸான டிராலிபஸ் கொழும்பில் அறிமுகமானது. றப்பர்ச் சக்கரத்தில் ஓடியதால் மின்சாரம் திரும்பத் தண்டவாளம் இல்லாமற்போக, மேலே இரண்டாவது கம்பி அதற்குத் தேவைப்பட்டது. சென்னை டிராம் அதே 1953இல் நின்றது. கொழும்பு டிராம் 1960இலும், அதன் வாரிசான டிராலிபஸ் 1964இலும் மறைந்தன.

நாட்டின் கிழக்கிலோ, மட்டக்களப்போடு புகையிரதப் பாதை முடிந்துவிட, அதற்கு அப்பாலுள்ள இறக்காமம், சம்மாந்துறை, கல்முனை மக்கள் பெரும்பாலும் பஸ்ஸிலேயே கொழும்பு செல்கின்றனர். தண்டவாளம் வந்துவிட்டால் சேவை நிலைத்துவிடும் என்று இப்பிரதேசத்தவர் எண்ணுவது இயல்பே. ஆனால் கொழும்பின் நடுவீதியில் பதித்த இரும்பே பெயர்க்கப்பட்டுவிட்டதால், சேவையை நிலைநிறுத்துவது இரும்பன்று என்பது விளங்குகிறது. அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் சபையும், அது ஒதுக்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பயணிகளும் வேண்டும்.