சொன்ன தேதியில் முடித்தவர்

கட்டடக்கலைஞர்களில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், நார்மா மெரிக் ஸ்க்லாரெக் என்றுதான் சொல்வேன். பார்த்ததுமே இது அவருடையது என்று சொல்லும்படியான கட்டடம் எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. ஆனால் தாளில் இருக்கும் கட்டடம் தரையில் எழுந்து நிற்பதற்குள் என்ன பாடுபட வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு அவர் அருமை தெரியும். நானும் டிராயிங் போட்டுப் பிழைப்பவள்.

1926இல் நியூயார்க்கின் ஹார்லெமில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா மருத்துவர், அம்மா தையல் தொழில் செய்தவர். அந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். மகளை மீன் பிடிக்கக் கூட்டிப் போனார், தச்சு வேலை பழக்கினார், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கூடச் சேர்த்துக்கொண்டார். கணக்கும் ஓவியமும் இவ்வளவு நன்றாக வருகிறதே, கட்டடக்கலை படியேன் என்று சொன்னவரும் அவர்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உடன் படித்தவர்களில் பலர் போரிலிருந்து திரும்பிய ஆண்கள்; ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களும் உண்டு. அவர்கள் கூடி உட்கார்ந்து வரைந்தார்கள். நார்மா தினமும் ரயிலில் வந்துபோய், தனியாகவே எல்லாவற்றையும் செய்து முடித்தார். 1950இல் பட்டம் பெற்று 19 நிறுவனங்களில் வேலை கேட்டார். பத்தொன்பதும் கைவிரித்துவிட்டன. பெண் என்பதற்காகவா, கறுப்பினம் என்பதற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. நகரப் பொதுப்பணித் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார். 1954இல் நான்கு நாள் உரிமத் தேர்வை எழுதி முதல் தடவையிலேயே தேறினார். மறுவருடம் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது.

அப்போது அவர் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த தாய். பகலெல்லாம் அலுவலகம். மாலையில் கல்லூரியில் பாடம் நடத்தப் போவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அம்மா. விருதுக் குறிப்புகளில் இந்தப் பாட்டிக்கு அரை வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. எனக்கோ அங்கேதான் மனம் நின்றுவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் ஒரு தாய் டிராயிங் போர்டில் கவனம் வைக்க முடியும். அது கிடைக்காமல் இந்தத் தொழிலை விட்டுப்போன கெட்டிக்காரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

1960இல் லாஸ் ஏஞ்சலஸில் க்ரூயன் நிறுவனத்துக்கு வந்தார். கையில் கார் இல்லை. உடன் வேலை செய்த வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் தினமும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார்; தினமும் தாமதம். ஒரே வாரத்தில் மேலாளர் நார்மாவிடம் வந்து, ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்டார். அந்த இளைஞரோ இரண்டு வருடமாகத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தார்; அது யார் கண்ணிலும் படவில்லை. நார்மா ஒரு கார் வாங்கிவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அவர் அந்த ஆத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மறுநாள் நேரத்துக்கு வருவதற்கு வழி பார்த்தார்.

1966இல் அங்கேயே கட்டடக்கலைப் பிரிவின் இயக்குநரானார். சீசர் பெல்லி வடிவமைப்பார். அதை நிற்கவைக்கும் பொறுப்பு நார்மாவுடையது. அப்படி எழுந்த, நீலக் கண்ணாடி போர்த்திய பசிபிக் டிசைன் சென்டரைப் பார்த்து ஊரே ‘நீலத் திமிங்கலம்’ என்கிறது. கண்ணாடியும் உலோகச் சட்டமும் சேரும் இடத்தில் மழைநீர் எந்த வழியாக வெளியேறும், வெயிலில் உலோகம் விரிந்தால் கண்ணாடிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையெல்லாம் ஒர்க்கிங் டிராயிங்கில் ஒவ்வொரு மூட்டாகத் தீர்த்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் உள்ளே ஒழுகும். இந்த உழைப்புக்கு வடிவமைப்பாளர் பெயர்தான் நிற்கும். அது சரியில்லை என்பது என் கட்சி.

1984 ஒலிம்பிக்ஸுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் முதலாம் முனையத்தைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு பெண்ணால் ஆகுமா என்று விமான நிலையத்தில் வேலை செய்த கட்டடக்கலைஞர்களே சந்தேகப்பட்டார்கள். அங்கே நடந்துகொண்டிருந்த வேலைகளில் தம்முடையது ஒன்றுதான் கால அட்டவணைப்படி நடந்தது என்று பின்னாளில் நார்மா சொன்னார்.

1985இல் இரண்டு பெண்களுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். சில வருடங்களில் விலகி ஜெர்டி நிறுவனத்துக்குப் போனார். பெரிய வேலைகளும் அதற்கேற்ற வருமானமும் அங்கே இருந்தன. இதைப் பின்வாங்கல் என்பவர்கள் உண்டு. தனக்கு எந்த வேலை நன்றாக வரும் என்று தெரிந்துகொண்டு அதைத் தேடிப் போனதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உரிமத் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு அவர் பல வருடம் பயிற்சி கொடுத்தார். 1962இல் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அந்த மாநிலத்தின் கட்டடக்கலைஞர் வாரியத்துக்கே 2003இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, உறுப்பினராகப் போனார். 2012இல் காலமானார்.