விழும் கல்லுக்கு எத்தனை நொடி?

g = 2h/t²: g புவியீர்ப்பு முடுக்கம், h உயரம், t விழும் நேரம். பள்ளிப் பாடம்தான். உயரத்தை அளக்க ஒரு டேப் போதும். கஷ்டமெல்லாம் t-யில்தான்.

*

2 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட கல் 0.64 நொடியில் தரையைத் தொடும். ஸ்டாப்வாட்ச் 0.1 நொடி கூடுதலாகக் காட்டினால் g, 9.8-க்குப் பதில் 7.3 என்று வந்து நிற்கும். நேரம் வர்க்கமாக வருவதால் அதன் பிழை விடையில் இரட்டிப்பாகப் பாய்கிறது.

*

கலிலியோவிடம் நொடி காட்டும் கடிகாரம் இல்லை. விழுவதையே மெதுவாக்கினார். சாய்த்து வைத்த பலகையில் நீளமாகப் பள்ளம் வெட்டி அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். அது உருளும் நேரத்தில் ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். அந்த எடைதான் நேரம். தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது என்பதை 1638-இல் வெளிவந்த நூலில் எழுதினார். எத்தனை பொறுமை!

*

இத்தாலிய இயேசு சபைத் துறவிகளான ரிச்சோலியும் கிரிமால்டியும் உயரத்தைக் கூட்டினார்கள். போலோனியாவின் அசினெல்லி கோபுரம் சுமார் 97 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால் உச்சியிலிருந்து விழ ஏறக்குறைய 4.4 நொடி. அதே 0.1 நொடிப் பிழை இங்கே விடையை 4 சதவீத அளவுக்கே நகர்த்தும். ஊசலின் ஆட்டங்களை எண்ணி நேரம் பார்த்தார்கள். அந்த ஊசலை நட்சத்திரங்களின் நகர்வோடு ஒப்பிட, இரவு பகலாக ஆட்டங்களை எண்ணியவர்கள் அவர்கள்.

*

g-ஐ அளக்கும் இன்றைய ஈர்ப்புமானியில் வெற்றிடத்துக்குள் ஒரு கண்ணாடி சுமார் 20 செ.மீ. மட்டுமே விழுகிறது. தூரத்தை லேசர் ஒளியலைகளும் நேரத்தை அணுக்கடிகாரமும் அளக்கின்றன. நூறு கோடியில் சில பங்கு வரை துல்லியம். நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்குவதுகூட அதில் தெரியும். உயரம் இல்லாமலே காரியம் நடக்கிறது, நேரம் கைக்கு வந்துவிட்டதால்.

*

வீட்டில் செய்பவர்களுக்கு: ஒரே உயரத்தை நம்ப வேண்டாம். 1 மீட்டரிலிருந்தும் 4 மீட்டரிலிருந்தும் ஒரே கல்லைப் பலமுறை விட்டு, இரண்டுக்கும் சராசரி நேரம் எடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் விரல் தாமதம் கழித்தலில் போய்விடும். நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும்; 1, 4 இவற்றின் வர்க்கமூலங்கள் 1, 2, வித்தியாசம் 1. ஆகவே நேர வித்தியாசம் d என்றால் g = 2/d². d 0.45 நொடியை ஒட்டி வந்தால் அளவு சரி.