கேந்திப் பூவும் ஒரு காலி நாற்காலியும்

  இன்னைக்கு ஒரு கொசுவத்தி சுத்தலாம்னு உக்காந்திருக்கேன்.

போன அக்டோபர் கடைசி சனிக்கிழமை. டெக்ஸாஸ்ல, சான் அன்டோனியோவுக்கு வெளியில ஒரு பண்ணை. மாப்பிள்ளை என் டீம், பக்கத்து சீட்டு. மெக்சிகோலேருந்து வந்து மூணு தலைமுறையா டெக்ஸாஸ்ல இருக்கிற குடும்பம். திறந்தவெளிக் கல்யாணம், செலவைக் குறைக்க அலங்காரம் எல்லாம் நண்பர்கள் தலையில. ஒரு தடவை ஆயுத பூஜைக்கு நான் என் சீட்டுல பூச்சரம் கட்டினதைப் பார்த்து வெச்சிருந்தான் படுபாவி. "ஐல் உன் பொறுப்பு"ன்னுட்டான்.

ஐல்னா வேற ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டுட்டு நடுவுல விடுற பாதை. பொண்ணு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அது வழியா நடந்து வரும். நம்மூர் சர்ச் கல்யாணத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும்.

பொட்டி தட்டுறவன்கிட்ட கொடுத்தா என்ன ஆகும்? எக்செல்ல பிளான் போட்டேன். பக்கத்துக்கு 10 வரிசை, வரிசைக்கு 5 நாற்காலி, மொத்தம் 100 பேர். நடுவுல 5 அடி. கவுன் விரிஞ்சு வரும், பக்கத்துல அப்பாவும் நடக்கணும், அதுக்குக் கீழ குறைச்சா நாற்காலில இடிக்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு, மேல கொக்கி வளைஞ்ச இரும்புக் கம்பி ஒண்ணைத் தரையில குத்தி, அதுல கண்ணாடி ஜாடியைத் தொங்க விடணும். பொக்கேல ரோஜாவுக்கு நடுவுல வெள்ளையா பொடிப்பொடியா ஒரு பூ வரும்ல, ஜிப்ஸோஃபிலா, அதுதான் ஜாடிக்குள்ள. தரையில விரிக்க ஒரு வெள்ளைத் துணியும் வாங்கி வெச்சிருந்தாங்க. புல்லு மேல விரிச்சுப் பார்த்தேன். சுருங்கிச்சு, காத்துல எந்திரிச்சுச்சு, ஹீல்ஸ் போட்ட பொண்ணு ஒண்ணு அதுல தடுக்கி விழப் பார்த்துச்சு. அப்பவே சுருட்டி ஓரமா வெச்சாச்சு.

எல்லாம் வெள்ளை. எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. கல்யாணம்னா கொஞ்சம் மஞ்ச வேணாமா?

முந்தின நாள் சாயங்காலம் மெக்சிகன் மளிகைக் கடைக்குப் போனா, வாசல்லயே பக்கெட் பக்கெட்டா கேந்திப் பூ. எங்க திருநெல்வேலிப் பக்கம் கேந்தி, மத்தவங்களுக்குத் துலுக்க சாமந்தி. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அள்ளிக்கிட்டு வந்து, ரூம்மேட்டையும் உக்கார வெச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஊசி நூலால கோத்தோம். காலையில கம்பிக்குக் கம்பி தோரணம் கட்டிட்டு தள்ளி நின்னு பார்த்தா, சும்மா ஜெகஜ்ஜோதியா இருந்துச்சு.

அப்ப மாப்பிள்ளையோட அம்மா வந்தாங்க. பாதையோட ஆரம்பத்துல அப்படியே நின்னுட்டாங்க. திட்டல, ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா கேட்டாங்க, "யாரைக் கூப்பிடுறதுக்கு இது?"

எனக்குப் புரியல. அவங்களே சொன்னாங்க. நவம்பர் 1, 2 தேதிகள்ல செத்துப் போனவங்க வீட்டுக்கு வருவாங்கங்கிறது அவங்க நம்பிக்கை. வீட்டுல படையல் மேசை வெப்பாங்க. வர்றவங்களுக்கு வழி தெரியணும்னு வாசல்லேருந்து மேசை வரைக்கும் இந்தப் பூவை உதிர்த்துப் போடுவாங்க. இதோட நிறமும் வாசனையும்தான் அவங்களுக்கு வழிகாட்டி. கடை வாசல்ல பக்கெட் பக்கெட்டா இருந்தது அதுக்குத்தான். மாப்பிள்ளையோட அப்பா தவறி மூணு வருஷம் ஆகியிருந்துச்சு.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. சாரி சாரின்னு சொல்லிக்கிட்டே அவிழ்க்க ஆரம்பிச்சேன். அப்ப இன்னொரு விஷயமும் மண்டையில இடிச்சுது. என் பைக்குள்ள ஒரு மூட்டை ரோஜா இதழ் இருந்துச்சு. கடைசியா ஐல்ல தூவுறதுக்கு. காலையிலேருந்து அதை மட்டும் நான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

காரணம் நம்மளுக்குத் தெரியும். நம்மூர்ல தெருவுல பூவை உதிர்த்துப் போட்டுக்கிட்டே போறது எப்போ? நான் பிளஸ் டூ படிக்கிறப்ப தாத்தா போயிட்டாரு. வண்டியில முன்னாடி என்னை உக்கார வெச்சு, மாலையைப் பிச்சு ரோட்டுல போட்டுக்கிட்டே வான்னாங்க. சுடுகாடு வரைக்கும் போட்டேன். அதுக்கப்புறம் தரையில உதிர்ந்த பூவைப் பார்த்தாலே எனக்கு அந்த ரோடுதான்.

அவங்ககிட்ட இதைச் சொன்னேன். எங்க ஊர்ல இந்த மஞ்சப் பூ கல்யாண வாசல்ல தொங்கும், ஆனா உதிர்ந்த பூ மேல மணப்பொண்ணு நடந்து வர்றதை என்னால யோசிச்சுப் பார்க்க முடியலன்னு. அவங்க சிரிச்சாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "ரோஜாவை என்கிட்ட கொடு. நீ உன் பூவை எடுத்துக்கிட்டு வா"ன்னாங்க.

முதல் வரிசையில அவங்களுக்குப் பக்கத்து நாற்காலி காலியா விட்டிருந்தாங்க. வீட்டுக்காரருக்கு. தோரணம் அத்தனையையும் அந்த ஒரு நாற்காலிக்குச் சுத்தினேன். மிச்சம் இருந்த பூவைக் கிள்ளி, ஐலைத் தொடாம, பக்கவாட்டுல வேலிக் கதவுலேருந்து அந்த நாற்காலி வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு போடச் சொன்னாங்க. போட்டேன். அவங்க அந்தப் பக்கம் குனிஞ்சு நிதானமா ரோஜாவைத் தூவிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் எதுவும் பேசல.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தான். அம்மாவை உக்கார வெச்சுட்டு, அந்த நாற்காலி முதுகுல ஒரு நிமிஷம் கையை வெச்சிருந்துட்டுப் போய் நின்னான். அப்புறம் பொண்ணு வந்துச்சு, உதிர்ந்த பூ மேல. நான் தரையைப் பார்க்கல, முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் அதுல.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். கல்யாண வீட்டுல செத்தவருக்கு நாற்காலியா, அபசகுனம்னு சொல்வாங்கன்னு நினைச்சேன்.

"இதுல என்னய்யா இருக்கு? உங்க அக்கா கல்யாணத்துல தாத்தா போட்டோவுக்கு மாலை போட்டுட்டுத்தானே மத்த வேலையே ஆரம்பிச்சோம்"னாங்க. அந்த மாலையும் கேந்திதான். நான்தான் வாங்கிட்டு வந்தேன். மறந்தே போச்சு.

டிஸ்கி: யாராச்சும் புல்லு மேல ஐல் அலங்காரம் பண்ணப் போறீங்கன்னா மூணே விஷயம். துணி விரிக்காதீங்க. ஜாடி காத்துல ஆடும், அடியில கூழாங்கல் போடுங்க. பூ வாங்குறதுக்கு முன்னாடி அந்த வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுருங்க.