தொட்டும் தொடாமலும்

விரிவுரை மண்டபத்தின் குளிரில் விரல்கள் விறைத்துப்போனால் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறோம். நம் முன்னோர் தீக்கடைகோலைக் கடைந்து நெருப்பு உண்டாக்கினார்கள். உராய்ந்தால் சூடு பிறக்கும் என்பது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத அறிவியல். பொங்கோலில் நான் தினமும் ஏறும் எல்ஆர்டி ரப்பர் சக்கரங்களில் ஓடுகிறது. உராய்வு இல்லையென்றால் அதனால் கிளம்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. சரி நண்பர்களே, கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போமா? உராய்வு சூட்டைத் தருகிறது. சூடு உராய்வை என்ன செய்கிறது?

என் இறுதியாண்டு ஆய்வு இதைப் பற்றியதுதான். இந்தக் கேள்விக்கு என்னை இட்டுச் சென்றவர் என் அம்மா.

நாங்கள் ஜொகூர்க்காரர்கள். பொங்கோலில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அம்மா சிங்கப்பூரில் ஒரு வன்தட்டுத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் வேலை செய்தவர். விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்து, கண்கள் மட்டும் தெரியும் வெள்ளை உடை அணிந்து, நுண்ணோக்கியில் பாகங்களைச் சோதிப்பார். 1982-இல் சீகேட் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்து வந்தன. 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமான வன்தட்டுகளைத் தயாரித்த நாடு சிங்கப்பூர். பிறகு அந்த வேலையில் பெரும்பகுதி தாய்லாந்து, சீனா என்று நகர்ந்தது. அம்மா இருந்த பிரிவும் மூடப்பட்டது. அப்போது நான் பாலர் பள்ளியில் இருந்தேன்.

ஒரு விடுமுறையில் அம்மா கேட்டார்: "ஹெட்டு டிஸ்க்க தொட்டுடக் கூடாதுன்னு அத்தன பாடுபட்டோம். தொட்டா அப்படி என்னதாம்மா ஆகும்?"

வன்தட்டுக்குள் இருக்கும் வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலக்கூடியது. அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். தகவலைப் படிக்கும் முனை அதற்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்! வட்டைக் காப்பது ஒரு மெல்லிய கரிமப் பூச்சும், அதன்மேல் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனில் ஓர் உயவுப் படலமும்தான். இந்த நெருக்கத்தில் முனை உரசினால் என்ன ஆகும் என்பது அணுக்களின் கையில் இருக்கிறது.

1987-இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் மேத் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு டங்ஸ்டன் முனையைக் கிராஃபைட் பரப்பில் இழுத்துப் பார்த்தார்கள். முனை சீராக வழுக்கிச் செல்லவில்லை. அணு வரிசைக்கேற்பச் சிக்கி, விடுபட்டு, மறுபடியும் சிக்கி நகர்ந்தது. பரப்பு முழுவதும் மேடும் பள்ளமுமாக இருப்பதாகவும், முனை ஒவ்வொரு பள்ளத்திலும் மாட்டிக்கொள்வதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அணுக்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. அறை வெப்பநிலையிலேயே வினாடிக்கு லட்சம் கோடி முறைக்கு மேல் அதிர்கின்றன. அந்த அதிர்வு முனையை மேட்டுக்கு மேல் தள்ளிவிட உதவுகிறது. சூடு ஏறினால் அதிர்வு கூடும், முனை எளிதாகத் தாவும், உராய்வு குறையும். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1928-லேயே இந்த எண்ணத்தை முன்வைத்துவிட்டார்.

இதை விளக்கியபோது அம்மா கேட்டார்: "சல்லடையில மாவு நின்னுக்கிச்சுன்னா பக்கத்துல தட்டுவோமே, அந்த மாதிரியா?" அதேதான். என் ஆய்வறிக்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி இல்லை.

ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2007-இல் ராபர்ட் கார்பிக் குழுவினர் வைரம், சிலிக்கான் பரப்புகளை இரண்டு வகையாகத் தயாரித்தார்கள். ஒன்றில் மேலே ஹைட்ரஜன் அணுக்கள், மற்றொன்றில் டியூட்டீரியம். இரண்டும் வேதியியலில் ஒரே மாதிரிதான். டியூட்டீரியம் இருமடங்கு கனம் என்பதால் மெதுவாக அதிரும். அந்தப் பரப்பில்தான் உராய்வு குறைவாக இருந்தது. நகரும் முனையின் ஆற்றலை மேற்பரப்பு அணுக்கள் தம் அதிர்வாக வாங்கிச் சூடாக்கிவிடுகின்றன. மெதுவாக அதிரும் அணு அதை மெதுவாகத்தான் வாங்கும் என்று அவர்கள் விளக்கினார்கள். ஆக, அதே அதிர்வு முனைக்குத் தோள் கொடுக்கிறது, அதன் ஆற்றலையும் பிடுங்கிக்கொள்கிறது. எது மேலோங்கும் என்பது பரப்பையும் வேகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது.

நான் கரிமப் படலத்தைச் சூடாக்கி, அணு விசை நுண்ணோக்கியால் உராய்வை அளக்கிறேன். சூடு ஏற ஏற உராய்வு குறைகிறது. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பரப்பில் படிந்த நீர் ஆவியாவதாலும் உராய்வு மாறலாம் அல்லவா? அதைப் பிரித்தறிய இப்போது உலர்ந்த நைட்ரஜனில் மறுபடியும் அளந்துகொண்டிருக்கிறேன்.

இது வெறும் ஆய்வக விளையாட்டு அன்று. 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்த 30 டெராபைட் வன்தட்டுகளில், எழுதும் இடத்தை ஒரு லேசர் கணப்பொழுதுக்கு 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை முனையும் கரிமப் பூச்சும் உயவுப் படலமும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் இதை 'உராய்வு' என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது 'கெசெரான்' ஆனது, இங்கே 'ஃப்ரிக்‌ஷன்'. மூன்றும் எனக்கு வேண்டியவைதான். ஆனாலும் அம்மாவோடு பேச முதல் சொல்தான் உதவியது. படிப்பு முடிந்ததும் வேலையா, மேலும் ஆய்வா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "எங்க லைன மூடிட்டாங்க. நான் கேட்டதுக்கு நீ இன்னும் பாதிதான் பதில் சொல்லியிருக்க." முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தொழிற்சாலையிலோ, கப்பல் பட்டறையிலோ, கட்டுமானத் தளத்திலோ கைகள் காய்த்துப்போன ஒருவர் இருக்கலாம். உங்கள் பாடத்தை ஒருமுறை அவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். பேராசிரியர் கேட்காத கேள்வியை அவர் கேட்பார்.