வெர்டன்: எலும்புகளுக்கு ஒரு கட்டடம்

பிரான்ஸின் வெர்டன் நகரிலிருந்து துவோமோன் மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் காடு. மரம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. தரைதான் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு, ஜெர்மன் படைகள் மோதிய வெர்டன் சண்டையில், 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை பீரங்கிகள் உழுத தரை. நூறு வருஷ மழையும் அதைச் சமன் செய்யவில்லை.

காடு விலகியதும் சரிவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களின் கல்லறைகள். பெரும்பாலும் வெள்ளைச் சிலுவைகள். ஒரு பகுதியில் மட்டும் சிலுவை கிடையாது. காலனி நாடுகளிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய முஸ்லிம் வீரர்கள் அங்கே மெக்காவைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

உச்சியில் 137 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டடம், நடுவில் 46 மீட்டர் கோபுரம். வெர்டன் ஆயர் ழினிஸ்தி ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டி, 1932இல் திறந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். அதன் பின்புறம் போய்ப் பார்க்க வேண்டும். தரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஜன்னல்கள். குனிந்தால்தான் உள்ளே தெரியும். நான் குனிந்த இடத்தில் தொடை எலும்புகளை விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் தாடை இல்லாத மண்டையோடுகள்.

அடையாளம் தெரியாத 1,30,000 பேராவது உள்ளே இருக்கிறார்கள். பிரெஞ்சு, ஜெர்மன் என்று பிரிக்கவில்லை. இடுப்பெலும்பைப் பார்த்து எந்தப் பக்கத்து ஆள் என்று யார் சொல்வது? ஆனால் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள்: போர்க்களத்தின் எந்தப் பகுதியில் பொறுக்கியதோ, அந்தப் பகுதிக்கென்று ஒதுக்கிய அறையில் போட்டார்கள். ஆள் யாரென்பது போய்விட்டாலும் எங்கே விழுந்தான் என்ற கணக்காவது கலையவில்லை. எனக்கு அந்தக் கோபுரத்தைவிட இந்தக் கணக்குத்தான் பெரிதாகப் பட்டது.

உள்மண்டபத்தில் செம்மஞ்சள் வெளிச்சம். வளைவுக் கற்களில் குடும்பங்கள் பணம் கட்டிப் பொறித்த பெயர்கள், தலைக்கு மேலேயும். 1984இல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோலும் இந்த மேட்டில் கைகோத்து நின்ற படம் உலகம் சுற்றியது. அதற்குப் பிறகும் உள்ளே முதல் ஜெர்மன் வீரரின் பெயர் ஏறியது 2014இல்தான். எலும்பை யாருடையது என்று கேட்காமல் சேர்த்துக்கொண்ட கட்டடம், பெயருக்கு 82 வருஷம் யோசித்திருக்கிறது.

எலும்புகளின் வரத்து இன்னும் நிற்கவில்லை. பக்கத்து ஃப்ளூரி கிராமம் அந்தச் சண்டையில் தரைமட்டமானது. குடியிருக்க ஆளில்லை, மேயர் மட்டும் உண்டு. 2013இல் அங்கே 26 வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. அடையாளத் தகடு கூடவே கிடைத்த சிலருக்கு மட்டும் பெயர் சொல்ல முடிந்தது.