காலண்டர் ஆணி

போன ஆனி மாதத்தில் ஒரு நாள் மன்னார்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு 86 வயது. எனக்கு 78.

"ஏண்டா, அம்மா பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சியே, அது இருக்கா?"

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு."

"ஆவணியில கல்யாணம். நலங்குக்குப் பாட ஆளில்லடா. எனக்கு முதல் வரி வருது, அதுக்கப்புறம் வரமாட்டேங்குது. நீ அச்சுப் போட்டுக் குடுத்தா பொண்ணுங்க பாத்துப் பாடிடுவாங்க. எழுத்து கொஞ்சம் பெரிசாப் போடு."

பேத்தியின் கல்யாணத்துக்குத்தான் கேட்டாள். ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பாட்டுகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2003-ல் அக்கா முழங்கால் சிகிச்சைக்காகத் திருச்சி வந்து எங்கள் வீட்டில் ஆறு வாரம் இருந்தாள். வலி மறக்க அம்மா பாடிய பாட்டுகளைப் பாடிக்கொண்டே படுத்திருப்பாள். நலங்கு, ஊஞ்சல், தாலாட்டு, கும்மி, சம்பந்தியைக் கேலி செய்வது, எல்லாமாக 41 பாட்டுகள். அம்மா எதையும் எழுதி வைத்தவள் இல்லை. அக்காவும் காதால் கேட்டுப் படித்தவள்தான். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நான் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். அன்று எடுத்த நகல்களில் ஒன்று அக்கா வீட்டுப் பரணில் கரையானுக்குப் போயிற்று. மற்றவை எங்கே போயின என்று வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கே தெரியவில்லை. ஆக, மிஞ்சியிருந்தது என் கணினியில் இருந்த கோப்பு ஒன்றுதான்.

அப்போது நான் தட்டச்சு செய்தது ஒரு பழைய தமிழ் மென்பொருளில். இன்று போல யூனிகோடு எல்லோர் கைக்கும் வராத காலம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்திருந்தது. ஆனாலும் மென்பொருள் விற்றவர்கள் பலர் தங்களுக்கென்று தனி ஒழுங்கு வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தாலாட்டு. இல்லாவிட்டால் புள்ளியும் கொக்கியும் கேள்விக்குறியும் கலந்த கிறுக்கல். கோப்பும் அந்த மென்பொருளுக்கே உரிய வகை. வேறெதிலும் திறக்காது.

போனை வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தேன். திறக்கவில்லை. 'நிறுவத் தயாராகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 20 வருஷத்துக்கு முன் நிறுவிய மென்பொருளை இப்போது எதற்கு நிறுவ வேண்டும்? அடுத்த பெட்டி சிடியைப் போடச் சொன்னது. நிறுத்து என்று அழுத்தினால் மென்பொருளும் சேர்ந்து மறைந்தது. என் சிடி எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ.

ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் அதே மென்பொருளை வாங்கியிருந்தார். உறையூரில் இருக்கிறார். நல்லவேளை, அவர் எதையும் தூக்கிப் போடாதவர். தீப்பெட்டி லேபிள்களோடு அந்த சிடியும் அவரிடம் பத்திரமாக இருந்தது. அவருடையது என்னுடையதைவிடச் சில மாதம் பிந்தைய வெளியீடு. சந்தோஷமாக வாங்கிவந்து போட்டேன்.

பிழை எண் 1638. 'இதன் வேறொரு பதிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. முதலில் அதை நீக்குங்கள்.'

சரி, நீக்குவோம் என்று கண்ட்ரோல் பேனலுக்குப் போனேன். நீக்கு என்று சொன்னதும் அதுவும் பழைய சிடியைக் கேட்டது. நண்பரின் சிடியைக் காட்டினேன். கோப்பின் பெயர் அச்சு அசலாக அதுவேதான். ஆனால் 'இது இந்த மென்பொருளுக்குரிய சரியான பொதி அல்ல' என்று தள்ளிவிட்டது. நிறுவப் போனால் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. நீக்கப் போனால் வந்த வழியைக் காட்டு என்கிறது. வீட்டுக்காரரும் இல்லை, காலி செய்யவும் விடமாட்டேன் என்கிற குடித்தனம் மாதிரி.

தெருமுனைக் கடைப் பையனைக் கூப்பிட்டேன். வந்து இரண்டு நிமிஷம் பார்த்தான்.

"ஃபார்மட் பண்ணிடலாம் சார். எல்லாம் புதுசா போட்டுடலாம். சுத்தமா இருக்கும்."

எனக்கு இந்த 'சுத்தமா' என்ற சொல்லே பிடிக்காது. 38 வருஷம் தொலைபேசித் துறையில் பழுது பார்த்தவன் நான். எங்கே அறுந்தது என்று பார்க்காமல் முழு வயரையும் மாற்றிவிடலாம் என்கிற லைன்மேனை நான் மதித்ததில்லை. இரண்டு நாள் பொறு தம்பி என்று அனுப்பிவிட்டேன். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது யோசித்தால் அவன் வழியில் ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 198-க்குப் புகார் வந்து ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். போனில் ஒரே இரைச்சல், அடிக்கடி செத்துப்போகிறது. வெளியே கம்பத்தில் சோதித்தால் சரியாக இருக்கிறது. கடைக்குள்தான் கோளாறு. முதலாளியிடம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: "கடைசியா என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தல சார்."

கடையை ஒரு சுற்று சுற்றினேன். சுவரில் புது வருஷக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், அதை மாட்ட அடித்த ஆணி போன் வயரின் நடுவே இறங்கியிருந்தது. "இது ஆணிதானே சார், இதைப் போய் மாத்தினதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் முதலாளி. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட கோளாறுக்குக் காலண்டர் ஆணி என்றே பெயர் வந்துவிட்டது.

அன்று ராத்திரி பெங்களூரில் இருக்கும் என் பேத்தியைக் கூப்பிட்டேன். கணினி வேலையில் இருப்பவள். கோப்பை அவளுக்கே அனுப்பி அவளுடைய மடிக்கணினியில் பார்க்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கம்பெனியுடையது, வெளி மென்பொருள் எதையும் போட விடமாட்டார்கள் என்றாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"தாத்தா, கடைசியா என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலம்மா" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்கே அந்த மளிகைக் கடை முதலாளியின் குரல் கேட்டது.

மெதுவாக உண்மையைச் சொன்னேன். தை மாதத்தில் சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று கணினி எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வீடியோவில் ஒருவர் வழி சொன்னார். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி செய்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒன்று தெரியும். அதில் இருப்பதெல்லாம் நிறுவிய பிறகு தேவையில்லாத குப்பை, அழித்துவிடுங்கள் என்றார். அழித்தேன். 9 ஜிபி கிடைத்தது. அந்த உற்சாகத்தில் எழுத்துருக்களில் ஒரே மாதிரி தெரிந்த பழையவை சிலவற்றையும் தூக்கினேன். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்துவிட்டு, அன்று மாலை நடைப்பயிற்சியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தாத்தா, அது குப்பை இல்ல. பத்திரப் பதிவு மாதிரி."

பிறகு அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு மென்பொருளை நிறுவும்போது, எந்தக் கோப்பு எங்கே போயிற்று, எப்படி நீக்குவது, எப்படிப் பழுதுபார்ப்பது என்ற விவரங்கள் அடங்கிய பொதியின் நகல் ஒன்றை விண்டோஸ் அந்த ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. பின்னால் நீக்கவோ, சரிசெய்யவோ, மேம்படுத்தவோ அதைத்தான் எடுத்துப் பார்க்கும். என் மென்பொருள் திறக்கும்போது தன் எழுத்துருவைக் காணாமல் தன்னைத் தானே பழுதுபார்க்கப் புறப்பட்டிருக்கிறது. பதிவேட்டைத் தேடினால் பதிவேடும் இல்லை. அதனால்தான் பழைய சிடியைக் கேட்டிருக்கிறது. நண்பருடைய சிடி வேறு வெளியீடு. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. அதனால் அது செல்லாது.

ஆணியை அடித்தவன் நான்தான்.

முதல் வேலையாகப் பாட்டுக் கோப்பை இரண்டு பென் டிரைவில் நகலெடுக்கச் சொன்னாள். அதன் பிறகுதான் மற்றது. இப்படி நிறுவவும் முடியாமல் நீக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டவற்றுக்காக மைக்ரோசாஃப்ட்டே இலவசமாக ஒரு சிறு கருவி தருகிறது. அதை இறக்கி ஓட்டினேன். நிறுவுவதில் சிக்கலா, நீக்குவதில் சிக்கலா என்று கேட்டது. நீக்குவதில் என்றேன். கணினியில் உள்ளவற்றின் பட்டியலைக் காட்டியது. நம்முடையதைத் தொட்டதும், பழைய பதிவுகளைத் துடைத்து எடுத்துவிட்டது. சிடியைக் கேட்கவே இல்லை. நாலு நாளாக வழிமறித்து நின்றது ஒரு காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

நண்பரின் சிடியைப் போட்டேன். 1638 வரவில்லை. பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. பாதி வழியில் நின்றது.

பிழை எண் 1327. 'செல்லாத டிரைவ்: எஃப்.'

எங்கள் வீட்டுக் கணினியில் எஃப் என்று ஒரு டிரைவே கிடையாது. இல்லாத ஒன்றை எதற்குத் தேடுகிறது? இந்தத் தடவை நான் பேத்தியைக் கூப்பிடவில்லை. கடைசியாக என்ன மாற்றினேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியாக இல்லை, அதற்கும் முன்னால். மூன்று வருஷத்துக்கு முன் இடம் போதவில்லை என்று என் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி வைத்திருந்தேன். அதுதான் எஃப். அந்த டிஸ்க் அடுத்த வருஷமே செத்துப்போயிற்று. அதன் பிறகு எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டுவைக்கிற பழக்கம் வந்துவிட்டதால், என் டாக்குமெண்ட்ஸ் இன்னும் எஃப்பில்தான் இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. காலி செய்துபோனவர் வீட்டுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும் போன் போல.

முறையாகச் செய்வதென்றால் அந்த ஃபோல்டரின் இருப்பிடத்தைப் பழையபடி சி டிரைவுக்கே திருப்ப வேண்டும். முயன்றேன், என் கைக்கு அது படியவில்லை. பதிவேட்டுக்குள் கை வைக்கவும் பயம். ஒருமுறை கை வைத்து வாங்கியது போதும். அப்போதுதான் எக்ஸ்சேஞ்ச் காலத்து யோசனை ஒன்று வந்தது. எதிர்முனையில் கருவி இல்லாவிட்டால் சோதனைக்காக ஒரு தற்காலிக இணைப்புப் போட்டு, அங்கே ஏதோ இருப்பதாகக் காட்டுவோம். ஒரு பென் டிரைவைச் செருகினேன். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் போய் அதன் எழுத்தை எஃப் என்று மாற்றினேன். மறுபடி சிடியை ஓட்டினேன்.

எஃப் இருக்கிறது என்று கண்டதும் நிறுவி மறு பேச்சில்லாமல் ஓடி முடித்தது.

கோப்பைத் திறந்தேன். ஒரு கணம் திரை வெள்ளையாக இருந்தது. அப்புறம் தமிழ் வந்தது. 41 பாட்டும் இருந்தன. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று, ஒரு தாலாட்டின் முதல் இரண்டு வரியைத் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

இனி இந்தக் கோப்பை அந்த மென்பொருளுக்குள் விட்டுவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதில் டாப் குறியீட்டுக்கு மாற்றிச் சேமிக்கும் வசதி இருந்தது. அப்படிச் சேமித்து, அங்கிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். பெரும்பாலும் நன்றாகவே வந்தது. 'கௌரி' மட்டும் உதைத்தது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான். மாற்றி அதை எழுத்தென்றே எடுத்துக்கொண்டு 'கெளரி' என்று போட்டுவிட்டது. நலங்குப் பாட்டில் கௌரிக்கா பஞ்சம்! 17 இடத்தில் கையால் திருத்தினேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டாக அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. நான் முதல் வரியை வாசித்தால் அவள் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்வாள். மூன்றாவதில் நிற்பாள். நான் ஒரு சொல் எடுத்துக்கொடுத்தால் மறுபடி போவாள். சில பாட்டுகளில் அதுவும் இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ஊஞ்சல் பாட்டு ஒன்றில் என்னை நிறுத்தினாள்.

"மாம்பழக் கூடை இல்லடா. மாவடுக் கூடை. அப்பவே தப்பா அடிச்சிருக்க."

"20 வருஷமா அப்படியேதானேக்கா இருக்கு. நீ சொல்லவே இல்லையே?"

"நீ எங்க எனக்கு வாசிச்சுக் காட்டின?"

திருத்தினேன். 24 பக்கம் வந்தது. அவள் கேட்டபடி எழுத்தைப் பெரிதாகவே போட்டேன். ஆவணிக் கல்யாணத்துக்கு 30 பிரதி எடுத்துக்கொண்டு மன்னார்குடி போனோம்.

சிடியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். எஃப்பாக நடித்த பென் டிரைவ் இன்னும் கணினியில் செருகியபடியே இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது முறைப்படி சரிசெய்து தருகிறேன், அதுவரை அதை எடுக்காதீர்கள் தாத்தா என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். அதன்மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்காகத்தான்.