இருளில் ஒரு சிறு கடல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, ஆரியங்கோட்டில் எம் இல்லத்து மின்சாரம் நின்றது. கூடத்துக் கடல்மீன் தொட்டியில் நீரோட்டமும் நின்றது.

அசையா நீரில் பிராணவாயு குன்றும். உப்புநீர் நன்னீரினும் குறைவாகவே அதனை ஏற்கும். ஆதலின் இரையிடாது, மின்கலக் காற்றுப் பம்பை ஓட்டினோம். நள்ளிரவில் அதுவும் ஓய்ந்தது. விடியுமட்டும் குவளையால் நீரை மொண்டு, உயர்த்தி ஊற்றினோம்.

கோமாளி மீனிரண்டும் பிழைத்தன, மகிழ்ந்தோம். பின்னரே செய்தி வந்தது: தூத்தூர், சின்னத்துறை, பூந்துறைக் கரைகளில், கடலுக்குச் சென்றோர் மீளாமல் குடும்பங்கள் கதறிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் கடலைக் காத்த எமக்கு, அருகிருந்த பெருங்கடலின் நினைவு அவ்விரவில் எழவில்லையே! அந்நாணம் இன்றும் நீங்கவில்லை.

இப்போது புயலறிவிப்பு வந்தால், மின்கலத்தைப் பார்க்குமுன் கடலோர நண்பர்களை அழைத்து, "வள்ளம் கரை சேர்ந்ததா?" என்று கேட்கிறோம்.